டீக்கடைச் சுவரில் பன்னிரண்டு படங்கள்

கேரள எல்லையோரப் புளியரையில், மலைப்பாதையின் எஸ் வளைவு ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை உண்டு. கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரிகள் அங்கே நின்று, கயிற்றை இன்னொரு தடவை இழுத்துக் கட்டிக்கொண்டுதான் மலையேறும். 2018 ஜூலையில், சாரல் விடாமல் அடித்த ஒரு சனிக்கிழமை காலை, அந்தக் கடையின் உள்சுவரில் நான் எடுத்த பன்னிரண்டு படங்களை மாட்டினேன். எல்லாம் செங்கோட்டை – புனலூர் பழைய மீட்டர் கேஜ், அதாவது குறுகலான ரயில் பாதையில் எடுத்தவை. கடைக்கார அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "ஆணி அடிச்ச ஓட்டையைப் பொறவு நீங்கதான் பூசித் தரணும் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

பத்து மணி இருக்கும். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். டீ சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தவர், மூன்றாவது படத்தின் முன்னால் போய் நின்றார். பகவதிபுரம் ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளம் பராமரிக்கிற ஐந்து கேங்மேன்கள் கடப்பாரைகளை ஓரமாகப் போட்டுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கும் படம் அது. 2009-ல் எடுத்தது. பெரியவர் விரலை நீட்டி, படத்தைத் தொடாமல், இடமிருந்து இரண்டாவது ஆளைக் காட்டினார்.

"இவன் போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. வீட்ல பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெருசாக்கி மாலை போட்டு வச்சிருக்காங்க. அதுல முறைச்சுக்கிட்டு இருப்பான். அவன் சிரிச்சா இப்படித்தாம்மா இருப்பான்."

டீ ஏடு கட்டி ஆறும்வரை அங்கேயே நின்றார். அன்று சாயங்காலமே தென்காசிக்குப் போய் அந்தப் படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு சைஸில் இன்னொரு பிரதி போட்டேன். மறுநாள் பெரியவரே வழிகாட்ட, அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்கார அம்மா படத்தை வாங்கி, முந்தானையால் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா, மகன், புனலூரில் கட்டிக் கொடுத்த மகள், மகளின் மாமியார் என்று நான்கு பேர் டீக்கடைக்கு வந்து, மீதி பதினொரு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மாதத்துக்குள் இன்னும் மூன்று ரயில்வே குடும்பங்கள் வந்தன.

பத்து வருடமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, என் படத்தைப் பார்க்கவென்றே வீட்டிலிருந்து கிளம்பி வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தென்காசி, கடையநல்லூர், புனலூர் பக்கமெல்லாம் நன்றாகப் படம் எடுக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேமரா வாங்கக் கடன்கூட வாங்கியிருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "நல்லாத்தான் டீச்சர் எடுக்கிறேன், பார்க்க ஆள் சேர மாட்டேங்குதே, என்ன பண்றது?" நின்றவாக்கில் பதில் சொல்லி அனுப்பினால் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

அந்த ஏக்கம் எனக்கும் இருந்தது. ஜூலை, ஆகஸ்ட் வந்தால் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை வயல்களில் சூரியகாந்தி பூத்துவிடும். கேரளா நம்பர் போட்ட கார்கள் வரப்போரம் வரிசையாக நிற்கும். நானும் மூன்று வருடம் அந்த வயல்களுக்கு அலைந்தேன். ஒரு நாள் மழை விட்ட நேரம். மேற்கே மலை கறுத்துக் கிடக்க, பூக்களின் மேல் மட்டும் வெயில் விழுந்தது. அந்தப் படம் பரவியது. யார் யாரோ பகிர்ந்து, என் பெயரை வெட்டிவிட்டு, கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கே "இயற்கை அன்னை" என்ற வாசகத்தோடு வந்து சேர்ந்தது. இரண்டு நாள் மனசு பறந்தது உண்மை.

அப்புறம்? பார்த்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர்கூட "இதை எடுத்தவர் வேறு என்ன எடுத்திருக்கிறார்?" என்று கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது பூ. அடுத்த ஆகஸ்டில் அதே பூவை வேறு ஒருவர் கொடுத்தார், பார்த்துக்கொண்டார்கள். அந்த வயல்காரருக்கு நான் ஒரு பிரதிகூடக் கொடுக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய வருத்தம். கூட்டம் மிதித்து ஓரச் செடிகள் சாய்ந்ததால், அவர் அடுத்த வருடம் முள் வெட்டிப் போட்டு வரப்பை அடைத்தார். அந்தச் சாய்ந்த செடிகளில் என் கால் பட்டதும் இருக்கும்.

ஒரு படம் பரவுவதும் நமக்குப் பார்வையாளர்கள் சேர்வதும் வேறு வேறு. இது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. ஆனால் சின்ன வயதிலிருந்தே என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்த விஷயம்தான் அது.

என் அப்பா செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். வாசலில் மூன்றடிக்கு நான்கடியில் ஒரு கண்ணாடி ஷோகேஸ், உள்ளே ஒரு டியூப் லைட், ஒன்பது படங்கள். வெள்ளிக்கிழமை இரவு கடையைச் சாத்திய பிறகு ஷோகேஸைத் திறப்பார். ஒன்பதில் மூன்றைத்தான் மாற்றுவார், ஆறு அப்படியே இருக்கும். ஒருமுறை கேட்டேன், எல்லாவற்றையும் மாற்றினால் என்னவென்று. "தெரிஞ்ச முகத்தைப் பார்க்கத்தான் நிப்பாங்க. நின்ன பொறவுதான் புது முகத்தைப் பார்ப்பாங்க" என்றார். எப்போதும் ஒரு குழந்தை இருக்கும், ஒரு கிழவி இருக்கும், ஒரு கல்யாண ஜோடி இருக்கும். பெண் பிள்ளைகளின் படமென்றால் அந்தப் பிள்ளையிடமும் அவள் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்பார். இருவரில் ஒருவர் தயங்கினாலும் வைக்க மாட்டார்.

படத்தின் குறைகளைச் சரிசெய்து டச்சிங் செய்கிற சாய்வுப் பலகைக்குப் பின்னால், பென்சிலும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தபடியே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். புனலூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகள் எல்லாரும் நின்று பார்ப்பார்கள். "இது மேலத் தெருப் பிள்ளைல்லா?" என்பார்கள். அந்தப் பிள்ளையின் சொந்தக்காரர்கள் அதைப் பார்க்கவே வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த விசேஷத்துக்குப் படம் எடுக்க அப்பாவிடம்தான் வருவார்கள். விளம்பரம் என்று அவர் ஒரு நோட்டீஸ்கூட அடித்ததில்லை. எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். என் தாத்தா மலையாளத்தில்தான் கையெழுத்துப் போடுவார். அதனால் ஷோகேஸின் மேல் ஸ்டுடியோ பெயர் இரண்டு மொழியிலும் இருந்தது. இதையெல்லாம் தினமும் பார்த்து வளர்ந்தும், கையில் டிஜிட்டல் கேமரா வந்ததும் மறந்துபோனேன்.

அந்தக் கேமரா 2008-ல் வாங்கிய கேனான் 1000டி. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காலை ரயிலில் ஏறித் தென்மலை வரை போய்வருவேன். 1904-ல் திறந்த பாதை. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை சுமார் 49 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண் என்று ஸ்டேஷன்கள். மேடு தாங்காது என்பதால் முன்னால் ஒரு எஞ்சினும் பின்னால் ஒரு எஞ்சினும் போட்டிருப்பார்கள். குகைக்குள் நுழைந்தால் டீசல் புகை பெட்டிக்குள் வந்து நிற்கும், பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். கழுதுருட்டிப் பக்கம் ரோட்டோரமாகவே வரும் பதின்மூன்று கண் பாலத்தில் ரயில் ஏறும்போது, கீழே போகிற பஸ்காரர்கள் கை காட்டுவார்கள்.

2010 செப்டம்பர் 20-ஆம் தேதியோடு அகலப் பாதை வேலைக்காக மீட்டர் கேஜை நிறுத்தினார்கள். கடைசி நாட்களில் எங்கிருந்தெல்லாமோ கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் பாலத்தையும் எஞ்சினையும் எடுத்தார்கள். நான் இரண்டு வருடமாக ரயிலில் வேலை செய்கிறவர்களையும் ஏறி இறங்குகிறவர்களையும் எடுத்திருந்தேன். அதில் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. முகம் எடுப்பது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். சில படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை. ரயில் நின்ற அடுத்த மாதம், 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தது. அதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் நான்கு வருடம் ஆயிற்று. படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன.

2018-ல் அகலப் பாதையில் ரயில் திரும்பி வந்தது. முதல் வாரமே ஏறினேன். பெட்டி முழுக்கப் பழைய ரயிலைப் பற்றித்தான் பேச்சு. "இங்கனதான் நிப்பாட்டித் தண்ணி பிடிப்போம்", "அந்தக் கேட்ல இருந்தவரு சக்கப் பழம் தருவாரு" என்று தமிழிலும் மலையாளத்திலும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் சொன்ன அந்தக் கேட்டும் அந்த மனிதரும் என்னிடம் படமாக இருந்தார்கள். தேடுகிறவர்கள் ஒரு பெட்டியிலும் தேடப்படுவது என் வீட்டு அலமாரியிலும் இருந்தன. அன்று இரவே பன்னிரண்டு படங்களைப் பொறுக்கி எடுத்தேன்.

சுவரில் மாட்டுகிற வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். 1000டி பத்து மெகாபிக்சல் கேமரா. நீள வாட்டத்தில் 3,888 பிக்சல். பன்னிரண்டுக்குப் பதினெட்டு சைஸில் போட்டால் அங்குலத்துக்கு 216 பிக்சல் வருகிறது. அங்குலத்துக்கு 300 இருக்க வேண்டும் என்று லேபில் சொல்வார்கள். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது சரி. சில அடி தள்ளியிருந்து பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 200 தாராளம். ஆகையால் பழைய கேமரா என்று யாரும் தயங்க வேண்டாம். முதல் தடவை கிளாஸி பேப்பரில் போட்டுவிட்டேன். டியூப் லைட் படத்தின் மேல் வெள்ளைக் கோடாக விழுந்து முகங்களை மறைத்தது. இரண்டாம் தடவையிலிருந்து பளபளப்பில்லாத மேட்தான். எங்கள் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காற்றில் சுவரே வியர்க்கும். மேட் லேமினேஷன் போட்டு ஃபோம் போர்டில் ஒட்டினால்தான் ஓரம் சுருளாது. லென்ஸுக்கும் அதே கதிதான். நான் ஒரு லென்ஸைப் பூஞ்சைக்குக் கொடுத்துவிட்டுத்தான் இறுக்கமான டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கினேன்.

உயரத்திலும் தப்பு செய்தேன். நின்று பார்க்கிற கண் மட்டத்துக்கு மாட்டியிருந்தேன். டீக்கடையில் யார் நிற்கிறார்கள்? பெஞ்சில் உட்கார்ந்துதான் குடிக்கிறார்கள். இரண்டாம் வாரம் எல்லாவற்றையும் ஒரு முழம் கீழே இறக்கினேன். அன்றிலிருந்து ஆட்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு படத்தோடு பேச ஆரம்பித்தார்கள்.

படத்துக்குக் கீழே இடம், வருடம், தெரிந்த பெயர்கள். இவ்வளவுதான் எழுதினேன். ஆறு வரியில் கவிதை எழுதி ஒட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, அது படத்தைப் பார்க்கவிடாது. தமிழில் எழுதியதற்குக் கீழே மலையாளம். எங்கள் பள்ளிக்கு ஆரியங்காவிலிருந்து வருகிற சேச்சி எழுதித் தந்தார். மலையிறங்கி வருகிற டிரைவர்கள் தங்கள் எழுத்தைப் பார்த்ததும் அடுத்த படத்துக்குக் கண்ணைக் கொண்டுபோவதை நான் பெஞ்சிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. நூல் கட்டி ஆணியில் தொங்கவிட்டு, மேலட்டையில் "படத்தில் இருப்பவர் யாரென்று தெரிந்தால் எழுதுங்கள்" என்று எழுதி வைத்தேன். பேனா மூன்று தடவை காணாமல் போனது, நோட்டு போகவில்லை. முதல் மாதத்தில் இருபத்தாறு பெயர்கள் வந்தன. சிலர் பெயரோடு நிறுத்தவில்லை. "இவர் கீமேன். காலைல நாலு மணிக்கு லாந்தர் எடுத்துக்கிட்டுத் தண்டவாளம் பார்க்கப் போவாரு", "இந்த அம்மா எடமண்ல ஏறி நாரங்கா விற்பாங்க", "இது எங்க ஆச்சி, பக்கத்துல நிக்கிறது நான்". ஒரு பக்கத்தில் மலையாளத்தில் யாரோ எழுதியிருந்ததைச் சேச்சி படித்துச் சொன்னார்: அந்தக் கேட் கீப்பர் தன்னை ஒரு நாள் பாம்பிலிருந்து காப்பாற்றினாராம். நான் எடுத்த படத்தில் எனக்குத் தெரியாத எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் எழுதியதைச் சேர்த்துப் படத்துக்குக் கீழே புதிதாக எழுதி ஒட்டினேன். எழுதியவர் அடுத்த முறை தன் வரியைப் பார்க்க இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை நான்கு படங்களை மாற்றுவேன், எட்டு அப்படியே இருக்கும். அப்பாவின் கணக்கைச் சுவருக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டேன். ஒருமுறை காய்ச்சலில் மாற்ற முடியாமல் போனபோது, அண்ணாச்சி போனில் கூப்பிட்டு, "எல்லாரும் கேக்காங்க டீச்சர், புதுசு எப்ப வருதுன்னு" என்றார். ரயில் படங்களிலிருந்து மெதுவாக எல்லைப்புற வாழ்க்கைக்கு நகர்ந்தேன். பாவூர்சத்திரத்திலிருந்து விடியுமுன் மலையேறும் காய்கறி வண்டிகள், ஓணத்துக்கு முந்திய பூ லோடு, பிரானூர் பார்டரின் மரக்கடைகள்.

அந்த மரக்கடைப் படங்களில்தான் பெரிய தவறு செய்தேன். அறுவை மில்லில் மரப்பட்டை சுமக்கும் ஓர் அக்காவின் படம். புழுதியில் ஒளி நின்ற விதத்தில் மயங்கி, அவரிடம் கேட்காமல் சுவரில் மாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அவர் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "மக கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம். நான் லோடு தூக்குறது அவங்களுக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சிரும்" என்றார். அந்த நிமிடமே கழற்றினேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் படத்தை வாங்கிக்கொள்ளவும் இல்லை, அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் வரவும் இல்லை. ஷோகேஸில் வைக்கும் முன் அப்பா இரண்டு பேரிடம் கேட்டதன் அர்த்தம் அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குள் இறங்கியது. இப்போது யார் படமானாலும் முதல் பிரதியை அவர் கையில் கொடுத்து, "சுவர்ல போடலாமா, போன்ல போடலாமா" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறேன். சுவருக்குச் சரி என்கிற பலர் போனுக்கு வேண்டாம் என்கிறார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் மில்டன் ரோகோவின் என்று ஒருவர் இருந்தார். கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது அவர் தொழில். 1957-ல் அரசியல் விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்த பிறகு தொழில் படுத்துவிட்டது, அந்த நாட்களில்தான் கேமராவை முழுமூச்சாகக் கையில் எடுத்தார். 1972-ல் தன் ஊரின் ஏழை மக்கள் வாழும் மேற்குப் பகுதியில் படம் எடுக்க ஆரம்பித்தார். எடுத்தவர்களுக்கெல்லாம் பிரதி கொண்டுபோய்க் கொடுத்தார். எண்பதுகளில் அதே ஆட்களைத் தேடிப் போய் எடுத்தார். தொண்ணூறுகளில் மறுபடி, இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்னொரு முறை. ஒரே மனிதர் நான்கு படங்களில், முப்பது வருட வயது வித்தியாசத்தில். 1999-ல் அவர் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கிச் சேர்த்தது. 2011-ல் 101 வயதில் இறந்தார். அவர் கதை தெரிந்தபோது எனக்குக் கிடைத்த தெம்பைச் சொல்லி முடியாது. சில தெருக்களையே சுற்றிச் சுற்றி வந்த மனிதரை உலகம் பார்த்தது. முதலில் பார்த்தது அந்தத் தெருக்காரர்கள்.

வெளியூர்ப் பார்வையாளர்கள் எனக்கு எப்படி வந்தார்கள் என்பதற்கு ஆரியங்காவு நல்ல உதாரணம். அங்கே அய்யன் கோவிலில் மார்கழியில் புஷ்கலா தேவியோடு திருக்கல்யாணம் நடக்கும். மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக வந்து இறங்குவார்கள். சீர் தட்டு, பட்டுப் புடவை, விருந்து என்று நிஜக் கல்யாண வீடு போலவே இருக்கும். கோவிலுக்குள் கேமரா எடுக்கக் கூடாது. நான் வெளியே, அவர்கள் தங்கியிருந்த இடத்தில், திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டும் பாட்டிகளையும், பாண்டியன் முடிப்பு என்ற கல்யாணச் சடங்குக்குக் கிளம்பும்போது வேட்டி மடிப்பைச் சரிசெய்யும் தாத்தாக்களையும் எடுத்தேன். ஒரு வருடம் எடுத்த படங்களை அடுத்த வருடம் அதே ஆட்களிடம் கவரில் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு பாட்டி அந்த வருடம் வரவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்றார்கள். பேத்தியிடம் கொடுத்தனுப்பினேன். பத்து நாளில் மதுரையிலிருந்து போன். பாட்டி பேசினார். "என்னை இவ்வளவு அழகா யாரும் எடுத்ததில்லம்மா" என்றார். அதற்கடுத்த வருடம் நான் போனபோது திண்ணையில் எனக்கென்று இலை போட்டு வைத்திருந்தார்கள். மதுரையில் இன்று என் படங்களைப் பார்க்கிறவர்களின் வட்டம் அந்த ஒரு கவரிலிருந்து வளர்ந்தது.

போனில் போடுவதை நான் விடவில்லை. இன்ஸ்டாகிராமில் சுவர் மாறுகிற அன்றைக்கே அந்த நான்கு படங்களையும் போடுகிறேன். முதல் வரியில் ஊர்ப் பெயர். படத்தில் இருப்பவர் சொன்ன ஒரு வாக்கியம், அவர் பேச்சிலேயே. திரையில் கொஞ்சம் உயரமாக நிற்கட்டும் என்று நாலுக்கு ஐந்து அளவில் வெட்டுவேன், முகம் பெரிதாகத் தெரியும். படத்தில் இருப்பவர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புவேன். படமாகப் போனால் சுருக்கிவிடும், அப்புறம் அவர்கள் அதை வைத்துப் பெரிதாகப் பிரின்ட் போட முடியாது. வேறு தந்திரம் எதுவும் என்னிடம் இல்லை. எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆனால் வருகிறவர்கள் "அந்த நோட்டில் இந்த மாதம் என்ன எழுதினார்கள்?" என்று கேட்டு வருகிறார்கள். சூரியகாந்திப் படத்தின் கீழே ஒரு நாளும் அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

ஆகவே என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு: உங்கள் தெருவில் படம் எடுக்கப்படாத ஆள் யார் என்று பாருங்கள். பால்காரர், கரன்ட் பில் கணக்கெடுக்க வருபவர், ஸ்கூல் வேன் அக்கா, யாராகவும் இருக்கலாம். எடுத்ததைப் பிரின்ட் போட்டு அவரிடம் கொடுங்கள். ஒரு பிரதிக்கு ஆகும் செலவு ஒரு டீ, வடை விலைதான். கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடாதீர்கள், அவர் யாரிடம் எல்லாம் காட்டுகிறார் என்று நின்று பாருங்கள். ஒரு வருடம் ஒரே விஷயத்தில் இருங்கள். நடுவில் அலுக்கும், எனக்கும் அலுத்தது, நான்காவது மாதம் கேமராவைத் தொடவே பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் சுவர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது, ஏனென்றால் அங்கே ஆட்கள் காத்திருந்தார்கள்.

இப்போது அந்தப் பன்னிரண்டு படங்கள் ஊர் சுற்றுகின்றன. புளியரையில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஆரியங்காவில் ஒரு சாயாக்கடைக்குப் போகும், அங்கிருந்து தென்மலைக்கு. வைக்கோல் லாரிக்காரர் ஒருவர்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறார், காசு வாங்க மாட்டார். போன வாரம் டீ குடித்துக்கொண்டே என்னிடம் முதல் தடவையாக ஒன்று கேட்டார்.

"டீச்சர், இருபது வருஷமா இந்த எஸ் வளைவு ஏறுறேன். லோடோட என் வண்டி பின்னாலருந்து எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லை. மழைல ஏறும்போது ஒண்ணு எடுத்துத் தருவீங்களா?"

வரும் சனிக்கிழமை சாரல் இருக்கும் என்கிறார்கள். தம்பி ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு அவர் வண்டிக்குப் பின்னால் போகப் போகிறேன். அடுத்த மாதச் சுவரில் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் ஆணியைக் காலியாக விட்டிருக்கிறேன்.